சந்துக் கதவு

களம்பூர் ரைஸ் மில்லிலிருந்து வந்த உமி மூட்டைகளைச் சந்துக் கதவுக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லிவிட்டு, சந்திரமோகன் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவன் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவனுக்குத் திருப்தியில்லை. மூட்டைகள் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கியவை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. தறிக்கு அடியில் கையை விட்டு, அங்கே சேர்ந்து கிடந்த தூசியையும் பட்டுப் பிசிறையும் அள்ளிக்கொண்டு வந்து மூட்டைகளின் மேல் தூவினான். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் போட்ட ஆரணி கோர்ட்டு வக்கீல் ஒருவர் காலை வேளையில் உமி மூட்டைக்குப் பவுடர் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், வேறொரு நாளில் சூர்யகலாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இன்று அவள் கையில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, அது ஆறுகிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பப் பாருக்கா. வருசக்கணக்கா தொறக்காத கதவு மாதிரி கீதா இல்லியா?"

"கீது."

"கோர்ட்டு கமிஷன் பதினோரு மணிக்கு வருது. அந்தம்மா கேக்கறப்போ நீ பட்டுன்னு சொல்லணும். சந்துக் கதவ நாங்க பொழங்கறதே இல்லீங்கன்னு. எங்க, ஒருவாட்டி சொல்லு."

சூர்யகலா சொன்னாள். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி முன்னால் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையின் குரல் வந்தது. தனக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது, எதிரில் நிற்பவன் தான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி என்பதெல்லாம் அந்தக் குரலுக்குத் தெரியவில்லை.

"தரையப் பாத்துகினு சொல்லாத. மூஞ்சப் பாத்துச் சொல்லு. இல்லன்னா சும்மா பேஜாராயிடும்."

அவள் தலையாட்டிவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். தறிக்கூடத்தின் மறுகோடியில், முன்கூடத்திலிருந்து உள்ளே வரும் வாசற்படியை ஒட்டினாற்போல் கட்டில் கிடந்தது. அவள் புருஷன் மாணிக்கவேல் அதில் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் கூடவே போய்விட்டது. முதலில் அவரை முன்கூடத்தில்தான் படுக்க வைத்திருந்தாள். ராத்திரி பகல் என்று பாராமல் முனகிக்கொண்டே இருந்தார். தறிக்கூடத்துக்குக் கொண்டுவந்து போட்ட அன்றைக்கு, அவள் தறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். அன்றிலிருந்து இதுதான் அவர் இடம். அவள் நெய்வாள், எழுந்து வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள், மறுபடி போய் நெய்வாள். அந்தக் கூடத்துக்கு வெளியே உலகம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துகொண்டு வந்த காலத்தில்தான் இந்தக் கேஸ் வந்து சேர்ந்தது.

கட்டிலுக்கும் சந்துக் கதவுக்கும் நடுவில் தரையில் ஒரு பலகை கிடந்தது. அதன் அடியில் மாணிக்கவேலின் தறிக்குழி. உட்கார்ந்து நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பதற்கான குழி, ஓரங்களுக்குக் கல் பதித்தது, இறங்கி நின்றால் ஆள் தொடைவரைக்கும் மறையும். அவர் விழுந்த பிறகு அவருடைய தறியைக் கழற்றி விற்றாயிற்று. குழியைத் தூர்க்கவில்லை. அந்தத் தெருவில் அது வழக்கமில்லை. மிதித்தவன் உயிரோடு இருக்கும்போது அவன் குழியில் மண்ணைப் போடக் கூடாது. யார் சொன்னது, எந்தக் காலத்தில் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கொத்தனாரைக் கூட்டி வந்து, "இதுல மண்ணக் கொட்டி மூடு" என்று மாணிக்கவேலின் கண் முன்னால் சொல்லும் தைரியம் சூர்யகலாவுக்கு இல்லை. பலகையைப் போட்டு மூடினாள். அமாவாசை அன்று மட்டும் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. அன்றைக்குப் பலகையைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டு, குழியைப் பெருக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, சாயங்காலம்வரை காற்றாடத் திறந்து வைப்பாள். வேலை இல்லாத நாளில் தறிக்கு மேலே இருக்கும் டியூப் லைட்டையும் போடுவதில்லை. அந்தத் தெருவில் பிறந்தவர்கள் யாராக இருந்தாலும், அமாவாசை அன்று தறி வீட்டுக்குள் கால் வைக்கும்போதே கண் தானாகத் தரையைத் தேடும். யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுபத்ரா அந்தத் தெருவில் பிறந்தவள் இல்லை.

வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலை அவளுக்கு. ஒப்பந்த வேலைதான், ஆனாலும் அரசாங்க வேலை மாதிரி. முதல் தடவை வந்தபோது வாசலில் நின்று, மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இங்கதாங்கம்மா ஸ்ட்ரோக் வந்தவர் இருக்காரு?" என்று கேட்டாள். முப்பது வயதிருக்கும். சிரித்த முகம். சூர்யகலாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால்தான் கேட்டாள், "எந்த ஊரும்மா நீ?" என்று.

"தேவிகாபுரம் போற ரோட்டுலங்கம்மா. காலனி."

சுபத்ரா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சூர்யகலாவும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டாள். அவள் வாய்தான் முந்திக்கொண்டது. "வாசல்ல பாவு கீது. அப்டியே சந்து வழியா சுத்தி வந்துடும்மா."

அன்று தறிக்கு ஏற்றும் பாவு நூல் வாசலில் நீட்டியிருந்தது என்னவோ நிஜம். மறுமாதம் வாசலில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த மாதமும் ஒன்றுமில்லை. சுபத்ரா வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்துக்குள் திரும்பி, சாக்கடையைத் தாண்டி, சந்துக் கதவைத் தட்டினாள். இவளும், "ஏம்மா, இப்பதான் வாசல்ல ஒண்ணுமில்லியே, இப்டி வாயேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசற்படி ஏறி, முன்கூடத்தில் சாமி மாடத்தைத் தாண்டி, உள்வாசற்படியை மிதித்ததும் கட்டில். குழி இருக்கும் பக்கமே வர வேண்டிய வேலையில்லை. இந்த ஒன்றைத்தான் சூர்யகலா இந்த ஒரு வருஷமாகத் தறியில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சுபத்ராவிடம் அவள் பிரியமாகத்தான் இருந்தாள். அதில் பொய்யில்லை. தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தாள். மாணிக்கவேலுக்கு முதுகில் புண் வந்தபோது சுபத்ரா டியூட்டி இல்லாத நாளிலும் வந்து மருந்து போட்டுவிட்டுப் போனாள், அப்போது இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் காபி கொடுத்தாள், பேப்பர் கப்பில். இந்தக் காலத்தில் பேப்பர் கப்தானே எங்கேயும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சந்திரமோகன் வந்தால் அவனுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர் எப்படி வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறாள். யோசிக்க யோசிக்க அலுப்பாக இருக்கிறது. செய்தபோது ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்ததெல்லாம் இப்போது இவ்வளவு கனக்கிறதே என்று ஆத்திரமாகவும் இருக்கிறது.

அது நடந்த அன்று அமாவாசை. சூர்யகலா முன்கூடத்தை அடுத்த சமையல்கட்டில் காக்கைக்கு வைக்க வடை தட்டிக்கொண்டிருந்தாள். சந்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. எண்ணெய் காய்ந்துவிட்டிருந்தது, எழுந்து போக முடியவில்லை. அங்கிருந்தே, "தொறந்துதான் கீது, வாம்மா" என்று குரல் கொடுத்தாள். பலகை சுவரில் சாய்ந்திருப்பது நினைவில் இல்லை. மாதாமாதம் மிதித்து நடந்த பலகை அங்கே இருக்கும் என்ற நம்பிக்கையில், வெயிலில் இருந்து இருட்டுக்குள் வந்த சுபத்ரா காலை வைத்தாள். சூர்யகலாவுக்கு முதலில் கேட்டது அவளுடைய பிரஷர் மிஷின் பெட்டி கல்லில் மோதி உடைந்த சத்தம்தான். அதற்குப் பிறகுதான் சுபத்ராவின் குரல்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு உடைந்திருந்தது. வேலூருக்குக் கொண்டுபோய் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடவில்லை, திரும்பப் பிரித்தார்கள். நடந்து நடந்து பார்க்கிற வேலை, நடக்க முடியாதவளுக்கு எப்படிக் கிடைக்கும்? வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அந்தப் புது ஆள் இந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை.

கேஸ் உடனே வந்துவிடவில்லை. அதுதான் சூர்யகலாவை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. முதலில் சுபத்ராவின் அம்மா செல்லியம்மாள்தான் வந்தாள். அவளும் சந்து வழியாகவே வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றாள். "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா, எங்க நேரம். ஆபீஸ்ல வந்து, எங்க வூட்டுக்கு டியூட்டிக்கு வந்தப்போதான் வுழுந்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும். டியூட்டில இல்லன்னு சொல்லிகினு இருக்காங்கம்மா அவுங்க." சூர்யகலா மறுநாள் போகப் புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். சந்திரமோகன்தான் வந்து கத்தினான். "லூசாக்கா நீ? எங்க வூட்லதான் வுழுந்தான்னு நீயே போய் சொன்னா, நாளைக்கு உன் கழுத்துலதான் வந்து வுழும்." அவள் போகவில்லை. செல்லியம்மாள் இரண்டாவது தடவை வந்தபோது கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

"அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா கேஸே வந்திருக்காதுடா," என்று ஒருமுறை தம்பியிடம் சொன்னாள்.

"அது உனக்கு எப்டித் தெரியும்?" என்றான்.

சந்திரமோகன் சட்டத்தை அவளுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னான், அந்த விஷயத்தில் அவன் கெட்டிக்காரன். "இதப் பாருக்கா. வூடுன்னா வூட்டுக்காரனுக்குப் பொறுப்பு கீது. நீ கூப்டு, நீ காட்டின வழில ஒருத்தர் வந்து, உன் வூட்டுப் பள்ளத்துல வுழுந்தா அது உன் பொறுப்பு. பள்ளம் கீதுன்னு நீதான் சொல்லிருக்கணும். ஆனா வாசல் தொறந்து கெடக்கறப்போ, பொழங்காத ஒரு கதவத் தள்ளிகினு அவுங்களா உள்ள பூந்தா, அது அவுங்க பாடு. கேஸே இவ்ளோதான். எந்தக் கதவுன்றதுதான் கேஸு."

"அவ எதுக்குடா வாசல வுட்டுட்டு சந்து வழியா வரணும்னு அந்த ஜட்ஜு கேக்க மாட்டாரா?"

"அதைத்தான் நாம அவளக் கேக்கப் போறோம். வாசல் இருக்கும்போது நீ ஏம்மா சந்து வழியா போனேன்னு. கூண்டுல நிக்க வச்சிக் கேப்பேன்."

சூர்யகலா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குப் பதில் தெரியும். தெரிந்துதான் கேட்கப் போகிறான். சுபத்ரா அந்தப் பதிலைக் கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் தன் வாயால் சொல்லக் கூசுவாள் என்பதுதான் அவன் கணக்கு. தெருவில் பாதிப் பேருக்கு அவன்தான் வக்கீல், நல்லவன், ஏழைகளிடம் பீஸ் வாங்குவதில்லை. இதையும் அவன் அக்காவுக்காகத்தான் செய்கிறான்.

"நான்தான்டா அப்டி வரச் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியாது, நீயும் சொல்லல," என்றான் அவன் குரலைத் தாழ்த்தி. "நீ வரச் சொன்னேன்னு ஒத்துகினா அடுத்து ஏன்னு கேப்பாங்க. அதுக்கு இன்னா சொல்லுவே? அதுக்கு வேற சட்டம் கீதுக்கா. வாயத் தொறந்தா அந்தக் கேஸும் வந்து சேந்துக்கும்."

பெங்களூரில் இருக்கும் மகள் தேவிப்ரியா தினமும் போன் செய்தாள். "மாமா சொல்றத மட்டும் கேளும்மா. வீடு போச்சுன்னா அப்பாவ எங்க வச்சிகினு இருப்பே? என் ரெண்டு ரூம் ஃபிளாட்லயா?" அதுவும் நியாயம்தான். அவர்களிடம் இருந்தது இந்த வீடு ஒன்றுதான். தீர்ப்பு அந்தப் பக்கம் போனால் இதை விற்றுத்தான் கொடுக்க வேண்டும். வாடகை வீட்டில் தறி போட யார் குழி வெட்ட விடுவார்கள்? படுக்கையில் கிடக்கிறவரை யார் வைத்துக்கொள்வார்கள்? எல்லோரும் சரியாகத்தான் பேசினார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிற்று. சில ராத்திரிகளில் அவளுக்குத் தோன்றும்: பொய் சொல்வது பாவம் என்பதெல்லாம் அப்புறம், அதைச் சொல்ல ஒரு தெம்பு வேண்டுமே, அதற்கு எங்கே போவது?

கஞ்சி ஊட்டி முடித்து அவர் வாயைத் துடைத்துவிட்டபோது தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கோர்ட்டு நியமித்த கமிஷனர். வீட்டை நேரில் வந்து பார்த்து, அளந்து, விசாரித்து, ஜட்ஜுக்கு அறிக்கை கொடுக்கிறவர். போளூரிலிருந்து வந்திருந்த சின்ன வயது வக்கீல், பெயர் சிவசங்கரி. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டு, கையில் ஒரு அளவு டேப்பும் அட்டையுமாக இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"மறந்துடாத," என்று சந்திரமோகன் சூர்யகலாவின் காதருகில் சொன்னான். "அவ வந்தா வாசல்லயே நின்னு, அந்தம்மா காதுல வுழற மாதிரி, உள்ள வாம்மான்னு கூப்புடு. வாசல் எல்லாருக்கும் தொறந்துதான் கீதுன்னு தெரியணும். ஜல்தி போ."

ஆட்டோவை ஓட்டி வந்தது சுபத்ராவின் அண்ணன் தென்னரசு. அவன் இறங்கி வந்து கையைக் கொடுத்தான், சுபத்ரா அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அலுமினிய ஊன்றுகோலை ஊன்றி, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து வைத்தாள். சூர்யகலா அவளைப் பார்த்து ஒரு வருஷமாகிவிட்டது. ஆள் பாதியாகியிருந்தாள். இடது கால் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, நிற்கும்போதுகூட அது வேறு எங்கோ போகப் பார்ப்பது மாதிரி. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தச் சேலையைப் பார்த்ததும் சூர்யகலா தன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கமிஷனர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஆட்டோவில் கூட வந்திருந்த சுபத்ரா தரப்பு வக்கீலும் பின்னாலேயே போனார். சுபத்ரா வாசற்படிக்குக் கீழே தெருவிலேயே நின்றாள்.

"வாம்மா," என்றாள் சூர்யகலா. குரல் உயரவில்லை. பக்கத்தில் சந்திரமோகன் கனைத்தான். அவள் மறுபடி, கொஞ்சம் சத்தமாக, "உள்ள வாம்மா சுபத்ரா, இப்டியே வா" என்றாள்.

இவ்வளவு காலத்தில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொல்கிறாள். அதையும் சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாள். சுபத்ராவுக்கு அது தெரிந்துவிட்டது. அவள் சூர்யகலாவைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். நாள் முழுக்க வெயிலில் நடந்துவிட்டு, இன்னும் ஒரு வீடு பாக்கியிருக்கிறது என்று தெரிந்தவளின் பார்வையாக இருந்தது அது.

"இருக்கட்டும்மா," என்றாள். "நான் எந்த வழியா வந்தேன்னு காட்டச் சொல்லித்தான் மேடம் வரச் சொன்னாங்க. நான் வர்ற வழியாவே வரேன்."

தென்னரசு கூடப் போக நகர்ந்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஊன்றுகோலை முன்னால் வைத்துச் சந்துக்குள் திரும்பினாள். சூர்யகலா உள்ளே வந்தாள். சாமி மாடத்தைத் தாண்டும்போது கால் தானாக நின்றது, கைகூட குவிந்தது, ஆனால் என்ன கேட்பது என்று தெரியாமல் நகர்ந்துவிட்டாள்.

தறிக்கூடத்தில் கமிஷனர் வேலையை ஆரம்பித்துவிட்டாள். பலகையைத் தூக்கச் சொன்னாள். குழியின் ஆழத்தை அளந்தாள், கல் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், லைட்டைப் போட்டும் அணைத்தும் பார்த்தாள். அளவாகப் பேசினாள், யாரையும் முறைக்கவில்லை, யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. கட்டிலில் கிடந்த மாணிக்கவேலைப் பார்த்து மட்டும், "வணக்கங்கய்யா" என்றாள். அவர் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உமி மூட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது?"

"பொழங்காத கதவுங்க மேடம்," என்றான் சந்திரமோகன். "ரொம்ப வருசமா இப்படித்தான் கெடக்குது. சாமான் போட்டு வச்சிருக்காங்க."

"நான் அவங்களக் கேக்கறேன் சார்." கமிஷனர் சூர்யகலாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. இந்தக் கதவத் திறக்கறதே இல்லையா?"

சூர்யகலா முகத்தைப் பார்த்தாள், தம்பி சொன்ன மாதிரியே. அந்தப் பெண்ணின் முகத்தில் களைப்பு இருந்தது, நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு இருந்தது. தேவிப்ரியாவைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வெளியே சந்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஒரு ஊன்றல், ஒரு இழுப்பு. சாக்கடை வந்த இடத்தில் சத்தம் நின்றது. எப்படித் தாண்டுவாள் என்று சூர்யகலா நினைத்தாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மறுபடி ஒரு ஊன்றல், ஒரு இழுப்பு.

"சந்துக் கதவ நாங்க..." என்றாள் சூர்யகலா.

கதவு தட்டப்பட்டது. உள்ளங்கையால், மெதுவாக, இரண்டு தட்டு. தூங்குகிற நோயாளி திடுக்கிட்டு விழிக்கக் கூடாது என்று தட்டுகிற தட்டு.

"அம்மா," என்று குரல் கேட்டது. "சுபத்ரா."

கட்டில் கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். மாணிக்கவேல் விட்டத்திலிருந்து கண்ணை எடுத்திருந்தார். போர்வைக்குள்ளிருந்து அவருடைய இடது கை மெல்ல வெளியே வந்தது. போர்வையில் சிக்கிய பனியன் கையை அந்தக் கையாலேயே விடுவிக்க முடியாமல் தோளைக் குலுக்கினார். பிறகு கட்டில் விளிம்புக்கு வெளியே, சந்துக் கதவுப் பக்கமாக, முழங்கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி வைத்துக்கொண்டார். பிரஷர் பார்க்கும்போது பட்டை சுற்றுவதற்குத் தோதாக நீட்டுகிற நீட்டல். ஒரு வருஷமாக யாரும் அந்தக் கையைக் கேட்கவில்லை. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்திருந்தது.

"மாமாவுக்கு நெனவு சரியா கிடையாதுங்க மேடம்," என்றான் சந்திரமோகன் அவசரமாக. "அப்பப்போ சும்மா இப்படிக் கையத் தூக்குவாரு."

கமிஷனர் ஒன்றும் எழுதவில்லை. கட்டிலைப் பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள், சூர்யகலாவைப் பார்த்தாள். "நீங்க இன்னும் பதில் சொல்லலம்மா."

சூர்யகலாவுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. எங்கேயாவது உட்கார்ந்துவிட வேண்டும் போல்தான் இருந்தது. அவர் கை ரொம்ப நேரம் தாங்காது, கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வெளியே நிற்கிறவளும் ரொம்ப நேரம் நிற்க மாட்டாள். அவள் குழியைச் சுற்றிக்கொண்டு போய், மேல் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். உமி கனமில்லை, ஆனாலும் மூட்டை அசைய மறுத்தது. தூசியும் பட்டுப் பிசிறும் தலையிலும் முகத்திலும் கொட்டின.

"அக்கா," என்றான் சந்திரமோகன். "அக்கா, இன்னா பண்றே?"

அவள் திரும்பவில்லை. மூட்டை பாதி நகர்ந்து, சரிந்து, அவள் தோளில் வந்து சாய்ந்தது. அதைத் தோளால் தாங்கிக்கொண்டு அடுத்த மூட்டையில் கையை வைத்தாள். கதவு மறுபடி தட்டப்பட்டது, அதே இரண்டு தட்டு. அவளுக்குப் பின்னால், கட்டில் விளிம்பில், மாணிக்கவேலின் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அவர் அதை இறக்கவில்லை.